பதினேழாம் எண் மையம்

பிரிக்பீல்ட்ஸ்,
18 ஏப்ரல் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. வெரோனிகா அண்ணி எடுத்து, "அவரு குளிக்கிறாரு" என்கிறார். நான் கூப்பிடும்போதெல்லாம் குளிக்கிறீர்கள். அதனால் தாளில் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு நீளமாகத் தமிழில் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் சாப்பாட்டின்போது அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளைகள் இருந்தார்கள், அண்ணியின் வீட்டார் இருந்தார்கள். நீங்கள் கையைக் கழுவிவிட்டுப் போன பிறகு யாருமே சாப்பிடவில்லை. சொன்ன இடம் தப்பு. சொன்ன விஷயத்தைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை ஒழுங்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

பெட்டாலிங் ஜெயாவில் என் வேலை இதுதான். டயாலிசிஸ் மையங்கள் தங்கள் நோயாளிகளின் விவரங்களை எங்களுக்கு அனுப்புகின்றன. யார் எத்தனை காலம் உயிரோடு இருக்கிறார்கள், எதனால் இறக்கிறார்கள், எந்தச் சிகிச்சை யாருக்குப் பலன் தருகிறது என்று அதிலிருந்து நாங்கள் கணக்கிடுகிறோம். நோயாளியின் பெயர் என் கண்ணில் படாது. மையத்தின் பெயரும் படாது, ஓர் எண்ணும் ஊரும் மெஷின் எண்ணிக்கையும் மட்டும்தான். இந்த ஆண்டுக் கணக்கில் பதினேழாம் எண் மையத்தில் மரணங்கள் மற்ற இடங்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலும் காய்ச்சல், பிறகு ரத்தத்தில் கிருமி.

அது எந்த மையம் என்று எனக்குத் தெரியக் கூடாது. ஆனால் கிள்ளானில் பதினாறு மெஷினோடு, நன்கொடையில் நடக்கும் மையம் வேறு எது இருக்கிறது? மனோரஞ்சிதம் நினைவு மையம்தான். நீங்கள் தலைமைத் தாதியாக இருக்கும் இடம்.

இதை உங்களிடம் சொன்னதே என் வேலைக்கு விரோதம். அண்ணன் என்பதால் சொன்னேன். அறிக்கை ஜூன் முடிவில் போகிறது. அதற்குள், டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் வைத்திருக்கும் நோயாளிகளை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

உங்கள் தங்கை,
பெர்னிஸ்


கிள்ளான்,
29 ஏப்ரல் 2023

பெர்னிஸ்,

படித்தேன். கிழித்துப் போடவில்லை.

எங்களிடம் வருகிறவர்கள் யாரென்று உனக்குத் தெரியுமா? ஒருவரைச் சொல்கிறேன். வீரம்மாக்கா. காப்பாரில் அடுக்குமாடி வீடு, மேருவில் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கும் வேலை. இருபது வருஷமாக இனிப்பு நீர், ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் வராமல் காலில் இரண்டு விரல் எடுத்தாயிற்று. மூச்சு முட்டி மயங்கி விழுந்த பிறகுதான் கிட்னி போயிருப்பதே தெரிந்தது. இடமில்லை, இடமில்லை என்று மற்ற மையங்கள் திருப்பி அனுப்பின. நாங்கள் எடுத்துக்கொண்டோம். நாலு வருஷமாக உயிரோடு இருக்கிறார்.

உயிரோடு மட்டுமில்லை. எங்கள் ஹாலில் டிவியில் சீன நாடகம் ஓடும். அக்காவுக்குச் சீனம் ஒரு வார்த்தை தெரியாது. அவராகவே வசனம் போட்டு, மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல் என்று தமிழில் பேசிக்கொண்டிருப்பார். பக்கத்துப் படுக்கைகளில் இருப்பவர்கள் சிரிக்கிற சிரிப்பில் ஊசி நகர்ந்துவிடப் போகிறது என்று நான் போய்ச் சத்தம் போட வேண்டியிருக்கும்.

இவரை நீ பங்சாரிலிருந்து காரில் வந்து இறங்குகிறவரோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணுகிறாய். எங்களிடம் வருகிறவர்கள் வரும்போதே பாதி போனவர்கள். செத்தவர்களை எண்ணிவிட்டாய், சரி. நாங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்த வாரமே போயிருப்பார்களே, அவர்களை எங்கே எழுதினாய்?

ஒரு நாளாவது இங்கே வந்து நின்று பார்த்திருக்கிறாயா? பிரிக்பீல்ட்ஸில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்.

இனி இதைப் பற்றி எழுதாதே.

லெஸ்லி


பிரிக்பீல்ட்ஸ்,
3 ஜூன் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். ஆனால் நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அது சரியான கேள்வி, பதில் சொல்லாமல் விட முடியவில்லை.

மோசமான நிலையில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் மையத்தில் மரணம் கூடுதலாகத்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் ஒப்பிட்டால் இரக்கப்பட்டவர்களைத் தண்டிப்பதாகிவிடும். முதல் கணக்கிலேயே ஓரளவு பார்த்திருந்தேன். போதவில்லையோ என்று திரும்பவும் செய்தேன். உங்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில், அதே வயதில், அதே அளவு இனிப்பு நீரும் இருதயக் கோளாறும் உள்ள, அதே மாதிரி கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த, அதே வருமானத்தில் வாழும் ஒருவரை வேறு மையங்களிலிருந்து எடுத்து வைத்தேன். வீரம்மாவைப் போன்றவர்கள் பந்திங்கில் இருக்கிறார்கள், செந்தூலில் இருக்கிறார்கள், அண்ணே. உங்களிடம் மட்டும் இல்லை.

வித்தியாசம் குறைந்தது. ஆனால் மறையவில்லை.

கையில் ரத்தக் குழாய்களை இணைத்து, அதன் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் உங்களிடம் எந்த மையத்தையும்விட நன்றாக இருக்கிறார்கள். இதை நான் சந்தோஷத்தோடு எழுதுகிறேன். கழுத்தில் குழாய் வைத்திருப்பவர்கள்தான் போகிறார்கள். அதுவும் 2021 நடுப்பகுதியிலிருந்துதான். அதற்கு முன் உங்களுடையது நல்ல மையங்களில் ஒன்று. அந்த நேரத்தில் அங்கே என்ன மாறியது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினேழாம் எண் எதுவென்று எனக்குத் தெரியும், அங்கே என் அண்ணன் வேலை செய்கிறார் என்று டாக்டர் மாதவியிடம் சொல்லிவிட்டேன். எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். "விலகறதுன்னா இப்பவே விலகிக்கோ. இருக்கறதுன்னா கடைசி வரைக்கும் இரு. பாதியில எந்திரிச்சுப் போகாத" என்றார். என் கணக்கை வேறொருவரிடம் கொடுத்து முதலிலிருந்து போடச் சொன்னார். அவருக்கும் அதே விடைதான் வந்தது. நான் விலகவில்லை.

பெர்னிஸ்


கிள்ளான்,
22 ஜூன் 2023

பெர்னிஸ்,

மாறியது மூன்றாவது ஷிஃப்ட்.

திருச்செல்வம் அங்கிள் இந்த மையத்தை ஏன் கட்டினார் என்று உனக்குத் தெரியும். டயாலிசிஸுக்கு இடம் கிடைக்காமல் அலைந்து செத்த மனைவியின் பெயரைத்தான் வாசலில் எழுதி வைத்திருக்கிறார். கோவிட் நேரத்தில் ஒவ்வொரு நாளும் யாராவது கதவைத் தட்டினார்கள். அவரால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. மாலையில் ஒரு ஷிஃப்ட் திறந்தோம். அதே வருஷம் எங்கள் தாதிகளில் மூன்று பேர் சிங்கப்பூருக்குப் போனார்கள். நாங்கள் தரும் சம்பளத்துக்குப் புதிதாக யாரும் வரவில்லை.

கழுத்துக் குழாயைத் திறப்பதென்றால் முதலில் தோலை மருந்தால் துடைக்க வேண்டும், மருந்து காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு தாதிக்கு நாலு நோயாளி என்றால் நிற்கலாம். எட்டுப் பேர் என்றால், அந்தப் பக்கம் ஒருவர் வாந்தி எடுக்கிறார், இந்தப் பக்கம் மெஷின் கத்துகிறது, முதலில் போவது அந்த நிற்கிற நேரம்தான். நான் நின்றேனா என்று கேட்காதே. சில நாள் நின்றேன்.

போன வருஷமே அங்கிளிடம் சொன்னேன், முடியவில்லை என்று. "முடியலன்னா யார வீட்டுக்கு அனுப்பறது? நீயே பேரச் சொல்லு லெஸ்லி" என்றார். என்னால் ஒரு பேரும் சொல்ல முடியவில்லை.

இப்போது உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். அதற்காக நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை. இரண்டு தடவை படித்தார். மூன்றாவது ஷிஃப்டை மூட ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் மூடுவார். டிசம்பர் வரை ஆகும்.

அறிக்கை இப்போது போனால் ஒரு ஷிஃப்டை மட்டும் மூட மாட்டார்கள், பெர்னிஸ். கதவையே மூடுவார்கள். கையில் வழி செய்துகொண்டு நன்றாக இருக்கிறவர்களும் தெருவில் நிற்பார்கள்.

உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். டிசம்பர் வரை நிறுத்தி வை.

லெஸ்லி


பிரிக்பீல்ட்ஸ்,
2 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை அறிக்கை போய்விட்டது. உங்கள் கடிதம் அதற்கு முன்பே கையில் இருந்தது. தாமதமாகக் கிடைத்தது என்று சொன்னால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனசில்லை.

நீங்கள் கேட்ட ஆறு மாதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இதே போக்கில் போனால் டிசம்பருக்குள் இன்னும் ஐந்தாறு பேர் போவார்கள், வேறு இடத்தில் இருந்திருந்தால் போகாதவர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. வீரம்மா அவர்களில் ஒருவராக இருக்கலாம். தெரிந்தும் நிறுத்தி வைத்தேன் என்று பிறகு யாரிடம் போய்ச் சொல்வேன்?

டாக்டர் மாதவியிடம் உங்கள் வேண்டுகோளைச் சொன்னேன். "உன் முடிவு என்னா?" என்று மட்டும் கேட்டார். அனுப்பலாம் என்றேன். நான்தான் சொன்னேன், அவர் இல்லை.

மூடச் சொல்லி நான் எழுதவில்லை. தாதிகளைக் கூட்ட வேண்டும், நோயாளிகளைக் குறைப்பதானால் முதலில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்க்க வேண்டும் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பெர்னிஸ்


கிள்ளான்,
19 நவம்பர் 2023

பெர்னிஸ்,

உன் கடைசிப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை.

செப்டம்பரில் கதவை மூடினார்கள். அதிகாரிகள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் எங்கே இடம் காலியிருக்கிறதோ அங்கே அனுப்பினார்கள். வீடு எங்கே என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. திருச்செல்வம் அங்கிள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். சிலர் அவர் காலில் விழுந்தார்கள். ஒருவர் முகத்தில் துப்பினார். அங்கிள் துடைக்கக்கூட இல்லை.

என் மேல் விசாரணை நடக்கிறது. அது முடியும்வரை எந்த மையமும் என்னைச் சேர்த்துக்கொள்ளாது. நான் காரில் ஆளேற்றிப் பிழைக்கிறேன். வக்கீல் உனக்கு எழுத வேண்டாம் என்றார். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீரம்மாக்காவுக்குப் பந்திங்கைத் தாண்டி ஒரு மையத்தில் மாலை நேரம் கொடுத்தார்கள். போவதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முடிந்து வெளியே வந்தால் பஸ்ஸே கிடையாது. மகள் ஷாமினி கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. லீவு போட்டு ஒரு மாதம் கூட்டிப்போனாள். வேலை போய்விடும் என்ற நிலை வந்ததும் அக்கா தனியாகப் போய்ப் பார்த்தார். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு வாரம் மூன்று தடவை இரண்டானது, இரண்டு ஒன்றானது.

நான் வீட்டுக்குப் போனேன். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. சாய்ந்து படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். நான் கூட்டிப்போகிறேன், எழுந்திருங்கள் என்றேன்.

"இன்னைக்கு நீ கூட்டிட்டுப் போவ தம்பி. நாளன்னைக்கு?" என்றார். "எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. அங்க போயி நாலு மணி நேரம் படுத்திருக்கறது கஷ்டமில்ல. போயி வர்றதுதான் முடியல."

வலுக்கட்டாயமாகத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் இருந்தார். நவம்பர் ஒன்பதாம் தேதி அடக்கம்.

நீ காப்பாற்றப் பார்த்த அந்த ஐந்தாறு பேரில் இவர் இருந்தாரா என்று உன் கணக்கில் பார்த்துச் சொல்.

லெஸ்லி


பிரிக்பீல்ட்ஸ்,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து மாதமாக உங்களுக்குப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். நான் கிள்ளானுக்கு வந்தேன், உங்களுக்குத் தெரியாது. காப்பாரில் அந்த அடுக்குமாடிவரை போனேன். மேலே ஏறாமல் திரும்பிவிட்டேன். ஷாமினியிடம் நான் யாரென்று எப்படிச் சொல்வது?

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மையம் மூடி ஒரு வருஷமானதால், மாற்றப்பட்ட நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தோம். புது மையங்களில் அவர்களுடைய மரணம் பாதியாகக் குறைந்திருக்கிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த மாதம் ஒரு மாநாட்டில் இதைப் படிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டாக்டர் மாதவி எனக்குக் கேக் வாங்கி வந்தார்.

நான் அன்று மாலை பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். பதினொரு பேருக்குப் பக்கத்தில் "தொடர்பில் இல்லை" என்று இருக்கிறது. புது மையத்துக்கு வராமல் போனவர்கள். எங்கள் கணக்கு முறையில் அப்படிப்பட்டவர்கள் கடைசியாக வந்த நாள்வரை உயிரோடு இருந்தார்கள் என்று எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒன்றும் சொல்ல மாட்டோம். உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்கள். ஊர் மாறிப் போனவர்கள், சொல்லாமல் வேறு இடம் சேர்ந்தவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். பெரிய கூட்டத்தில் இது ஒரு குறையில்லை.

ஆனால் டயாலிசிஸுக்கு வராமல் போனவர் எங்கே போயிருப்பார், அண்ணே?

இறந்த தேதியை வைத்துத் தேடினேன், வீரம்மா அந்தப் பதினொரு பேரில் இல்லை. ஆஸ்பத்திரியில் இறந்ததால் அவருடைய மரணம் பதிவாகியிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் "நோயாளி தாமாகச் சிகிச்சையை நிறுத்திக்கொண்டார்" என்றிருக்கிறது. தாமாக நிறுத்தியவர்களை மையத்தின் மரணமாக எண்ணுவதில்லை. அதனால் எண்ணிக்கையில் அவரும் வரவில்லை.

மாநாட்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்தப் பதினொரு பேரின் பெயரும் முகவரியும் பெற்று, நேரில் தேடிப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன். முகவரிகள் பாதி பழையவை. உங்களுக்கு அவர்களுடைய முகம் தெரியும். என்னோடு வருவீர்களா? வர முடியாது என்றால் ஒரு வரி எழுதுங்கள், போதும்.

பெர்னிஸ்


கிள்ளான்,
20 அக்டோபர் 2024

பெர்னிஸ்,

நாலு சனிக்கிழமை ஒரே காரில் சுற்றியும் நாம் வழி கேட்டதைத் தவிர வேறு பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ நேற்று பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேறிய பிறகு நான் மீதமிருந்த ஒரு வீட்டுக்கும் போனேன். மேருவில் நாகையா வீடு. பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்டி கையை விரித்துக் காட்டினார். போன டிசம்பரிலேயே போய்விட்டாராம். ஆக எட்டுப் பேர் இல்லை. ஒருவர் ஈப்போவில் மகளிடம் இருக்கிறார். இரண்டு பேர் எப்படியோ ஆஸ்பத்திரியிலேயே இடம் பிடித்துக்கொண்டார்கள். எழுதிக்கொள்.

மூன்றாவது வாரம், அந்த எட்டுப் பேரில் ஒருவரான மாரியாயியின் வீட்டில் அவர் புருஷன் நமக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாரே, நீ வெளியே போய் நின்றுகொண்டாயே, அப்போது அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "தம்பி, மத்தவங்களயெல்லாம் உங்க கார்ல கூட்டிட்டுப் போனீங்களாமே?" என்றார்.

போனேன். இதை உன்னிடம் சொல்லவில்லை. மையம் மூடிய பிறகு, எங்கள் ஆட்களில் சிலரை நான் என் காரில் கூலியில்லாமல் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். காரில் நாலு பேர்தான் உட்கார முடியும். யாரை ஏற்றுவது? ஒரே பக்கம் போகிறவர்கள், ஒரே நேரத்தில் முடிகிறவர்கள், தானாக ஏறி இறங்கக்கூடியவர்கள் என்று பார்த்து நாலு பேரை எடுத்தேன். அந்த நாலு பேரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். வீரம்மாக்காவின் மையம் எதிர்ப்பக்கம். அவரை ஏற்றினால் இவர்கள் நாலு பேரையும் விட வேண்டும். மாரியாயியைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும், அதற்கு நேரமாகும்.

அங்கிள் கேட்டபோது என்னால் பேர் சொல்ல முடியவில்லை. காரில் ஏற்றும்போது சொல்லிவிட்டேன். உன்னைப்போலக் கம்ப்யூட்டர்கூட வேண்டியிருக்கவில்லை எனக்கு.

உன்னைத் திட்டி எழுதியதையெல்லாம் நான் திரும்ப வாங்கவில்லை. ஆனால் நீ ராத்திரி தூங்காமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

ஷாமினி உன்னிடம் சொல்லச் சொன்னாள். நீ யாரென்று, நாம் தேடத் தொடங்கிய முதல் நாளே அவளுக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். "எங்கம்மா தானா நிறுத்தலன்னு எழுதச் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்" என்றாள்.

லெஸ்லி


பிரிக்பீல்ட்ஸ்,
16 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷாமினி கேட்டதைச் செய்துவிட்டேன். சுலபமாக நடக்கவில்லை. பதிவில் காரணத்தை எழுதியது ஆஸ்பத்திரி, அதை நான் மாற்ற முடியாது. மையம் மூடியதன் விளைவைப் பற்றி நாங்கள் எழுதும் கட்டுரையில் ஒரு புதுப் பிரிவு சேர்த்தேன். "மையத்தை அடைய வழியில்லாததால் சிகிச்சை நின்றவர்கள்." வீட்டாரின் வாக்குமூலத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள் அலுவலகத்தில். பஸ் நேரங்கள், ஷிஃப்ட் முடியும் நேரம், வீட்டிலிருந்து மையம் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொருவருக்கும் எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். வீரம்மாவும் அந்தப் பிரிவில் இருக்கிறார்.

இப்போது விடை. மையம் திறந்தே இருந்திருந்தால் கிருமியால் போயிருக்கக்கூடியவர்கள் ஒரு பக்கம். மூடியதால் போனவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதில் எது பெரிது என்று உறுதியாகச் சொல்ல இத்தனை பேர் போதாது. உங்கள் கார் இல்லையென்றால் போயிருக்கக்கூடிய அந்த நாலு பேரைத் தனியாக வைத்துப் பார்த்தால், மூடியது கொஞ்சம் மோசம் என்ற பக்கம் சாய்கிறது. அதையும் எழுதியிருக்கிறேன். கார் யாருடையது என்று எழுதவில்லை.

"இத அச்சிட்டா நம்ம பழைய அறிக்கையையே கேள்வி கேப்பாங்க" என்றார் டாக்டர் மாதவி. கேட்கட்டும் என்றேன். இரண்டு நாள் கழித்து, தன் பெயரும் அதில் இருக்கட்டும் என்று செய்தி அனுப்பினார்.

அன்றைக்கு அறிக்கையை அனுப்பியது சரியா தப்பா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. தெரிந்துவிடும் என்று நினைத்துத்தான் இத்தனையும் செய்தேன்.

உங்கள் விசாரணை முடிந்ததை அண்ணி சொன்னார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்று கேட்டு அழுதுவிட்டேன்.

பெர்னிஸ்


கிள்ளான்,
5 ஏப்ரல் 2025

பெர்னிஸ்,

நீ அனுப்பிய கட்டுரையை ஷாமினியிடம் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். அந்த வரியை நான் விரலால் காட்டினேன். அம்மா பேர் இல்லையே என்றாள். பேர் போட மாட்டார்கள், ஆனால் இதில் ஒன்று உன் அம்மா என்றேன். அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

இதை எழுதுவது அதற்காக இல்லை.

போன மாதம் அவள் கால் வீங்கியிருப்பதைப் பார்த்தேன். ஷிஃப்டில் நின்று நின்று வீங்குகிறது என்றாள். நான் விடாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தேன். அவளுக்கும் இனிப்பு நீர், எத்தனை வருஷமாகவோ. கிட்னி இருபது சதவீதத்துக்கும் கீழே. முப்பத்திரண்டு வயசு. அடுத்த வருஷம், மிஞ்சினால் அதற்கடுத்த வருஷம் டயாலிசிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும், "அண்ணே, எந்த சென்டருக்குப் போறது?" என்றாள்.

பதினெட்டு வருஷம் இந்த வேலை பார்த்திருக்கிறேன். எந்த மையத்தில் சுவர் சுத்தமாக இருக்கிறது, எந்த மையத்தில் தாதி சிரித்துப் பேசுகிறாள் என்று சொல்லத் தெரியும். எங்கே போனால் பிழைப்பாள் என்று உனக்குத்தான் தெரியும்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பேரைச் சொல்லக் கூடாது என்பது தெரிந்தேதான் கேட்கிறேன். எந்த மையம்?

லெஸ்லி


பிரிக்பீல்ட்ஸ்,
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் ஒன்று. மையத்தைத் தேடுவதற்கு முன் கையைக் கவனியுங்கள். இடது கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஆபரேஷனுக்கு இப்போதே நாள் கேட்கச் சொல்லுங்கள். அது தேறிப் பயன்பட மாதக்கணக்கில் ஆகும். கழுத்துக் குழாய் போட வேண்டிய நிலைக்கு அவளை வர விடாதீர்கள். நான் பார்த்த எல்லாக் கணக்கிலும் இது ஒன்றுதான் எந்தச் சந்தேகமும் இல்லாமல் வந்த விடை. அந்தக் கையில் இனி யாரும் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ கூடாது. உங்களுக்குத் தெரியும், அவளிடம் சொல்லிவையுங்கள்.

பதினேழாம் எண்ணைக் கண்டுபிடித்த மாதிரியே கண்டுபிடித்து, மையத்தின் பெயரைத் தனித் தாளில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். எண்களில் அது முதலிடம் இல்லை, நாலாவது. முதல் மூன்றுக்கும் போக உங்கள் கார் வேண்டும். போன சனிக்கிழமை காப்பாரில் அவள் வீட்டு வாசலிலிருந்து நானே பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஒரே பஸ், இறங்கினால் எதிரே மையம். அவர்களுடைய கடைசி ஷிஃப்ட் முடிந்த பிறகும் திரும்பி வர பஸ் இருக்கிறது. அதில்தான் திரும்பினேன்.

உள்ளே போய் விசாரித்தேன். இப்போது இடமில்லை. ஷாமினியின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவளுக்கு முன்னால் பலர் இருக்கிறார்கள். ஒரு படுக்கை காலியானால் வரிசைப்படி கூப்பிடுவார்களாம்.

படுக்கை எப்படிக் காலியாகும் என்று அவள் உங்களிடம் கேட்பாள். நீங்கள் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் வருகிறேன். நான் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
பெர்னிஸ்